கீரையும் பீட்ரூட்டும் தின்று தீர்த்தாச்சு, ஹீமோகுளோபின் 9.2-ஐத் தாண்டவில்லை. சாப்பாட்டிலேயே ஏற்ற முடியுமா?

மாடிப்படி:

வணக்கம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அறையில் சொல்ல விடாததை எங்கேயாவது சொல்லியாக வேண்டும்.

வயது 39, எடை 55 கிலோ. ரத்தசோகை என்று முதன்முதலில் சொல்லி மூன்று வருஷம் ஆகப் போகிறது. மாத்திரை சாப்பிட்டபோது ஒரு தடவை 10.4 வரை வந்தது. விட்டதும் மறுபடி இறக்கம். இப்போது 9.2. அதே ரிப்போர்ட்டில் எம்.சி.வி. 71, ஆர்.டி.டபிள்யூ. 18, சிவப்பணு எண்ணிக்கை 4.2 என்று இருக்கிறது. மூன்றுக்கும் அர்த்தம் என்ன என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் கேட்டபோது "அதெல்லாம் நீங்க பாக்க வேண்டாம்மா" என்று பேப்பரைத் திருப்பி வைத்துக்கொண்டார் ஒருவர். என் ரத்தம், என் காசில் எடுத்த ரிப்போர்ட்.

இரண்டாவது மாடி ஏறுவதற்குள் இதயம் காதுக்குள் அடிக்கிறது. ராத்திரி படுத்தால் கால் சும்மா இருக்காது, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முடி கொட்டுவதைச் சொல்லவே வேண்டாம். இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள். ஐஸ் கட்டி. ஃப்ரீசரில் இருக்கிற தட்டை எடுத்து வைத்துக்கொண்டு கடக் கடக்கென்று கடித்து மெல்லுகிறேன். பல் கூசுகிறது, நிறுத்த முடியவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு "கீரை நிறைய சேத்துக்கங்க" என்றார். அடுத்தவர் "பொம்பளைங்களுக்கு இது சகஜம்தானே" என்று சொல்லிக்கொண்டே மாத்திரை எழுதினார். அதைச் சாப்பிட்டால் குமட்டல், வயிறு கல்லாக இறுகிவிடும். திரும்பப் போய்ச் சொன்னால், "அப்படித்தான் இருக்கும், பழகிடும்." பழகவில்லை. கடைசியாகப் பார்த்தவர் சோர்வு என்ற வார்த்தையைக் கேட்டதுமே வீட்டில் பிரச்சினையா, அழுகை வருதா என்று ஆரம்பித்துத் தூக்க மாத்திரை எழுதினார். அந்தச் சீட்டை நான் மருந்துக்கடைக்கே கொண்டு போகவில்லை.

எனவே இனிமேல் சாப்பாடுதான் என்று முடிவு செய்தேன். காலையில் பீட்ரூட் ஜூஸ், பேரீச்சம்பழம். மதியம் கீரை தவறாது, பருப்பும் உண்டு. சாப்பிட்டதும் ஒரு டீ, அது இல்லாவிட்டால் கண்ணைச் செருகிவிடும். சாயங்காலம் மாதுளை. முட்டை சாப்பிடுவேன், கறி மீன் பழக்கமில்லை. ராத்திரி பால். இவ்வளவுக்கும் பிறகுதான் 9.2. மாதவிடாய் நாட்களில் இன்னும் மோசம், இரட்டை நாப்கின் வைத்துக்கொண்டு ராத்திரியிலும் எழுந்து மாற்ற வேண்டியிருக்கும், ஆனால் அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கேள்வி ஒன்றுதான். மாத்திரையே இல்லாமல் சாப்பாட்டிலேயே இதை ஏற்ற முடியுமா? எதை, எவ்வளவு? "சத்தான ஆகாரம் எடுத்துக்கங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து கடந்து போகலாம், அதை நிறையக் கேட்டாயிற்று.

பசுமைக்காலை:

சகோதரி, கவலை வேண்டாம். பீட்ரூட்டோடு கேரட்டும் சேர்த்து அடித்துக் குடியுங்கள். பேரீச்சையைத் தேனில் ஊற வைத்துச் சாப்பிடுங்கள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஏறியது. மாத்திரை எல்லாம் வெறும் கெமிக்கல், உடம்பு ஏற்றுக்கொள்ளாததால்தான் உங்களுக்குக் குமட்டுகிறது. பொறுமையாகச் செய்யுங்கள், இயற்கை கைவிடாது.

நுண்ணோக்கி:

நான் டாக்டர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளை அச்சடித்து உறையில் போடுகிறவள். எனக்கும் இதே கதை இருந்ததால் கொஞ்சம் அதிகமாகவே படித்து வைத்திருக்கிறேன்.

பசுமைக்காலை, கோபித்துக்கொள்ளாதீர்கள். 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளை அதைவிடக் குறைவு. சிவப்பாக இருக்கிறது, அதனால் ரத்தம் ஊறும் என்று பேர் வாங்கிவிட்டது, அவ்வளவுதான். அந்த வரிசையில் பேரீச்சையும் பெரிய ஆள் இல்லை, 1 மி.கி. சுற்றி. வேகவைத்த பயறு, பருப்பு, கொண்டைக்கடலை வகைகளில் பலவற்றில் 2 முதல் 3 மி.கி. வரை இருக்கும். யாரும் ஜூஸ் போட முடியாது என்பதால் அதற்கு விளம்பரம் இல்லை.

மாடிப்படி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எழுதியிருக்கிற நிலைமையில் சாப்பாட்டில் மட்டும் ஏற்றுவது நடக்காது. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

நாம் சாப்பிடும் இரும்பு எல்லாம் உள்ளே போவதில்லை. கறி, ஈரலில் இருக்கிற இரும்பில் 15 முதல் 35 சதவீதம் வரை உடம்பு எடுத்துக்கொள்ளும். கீரை, பருப்பு, முட்டை இவற்றில் இருப்பது வேறு வகை, அதில் 2 முதல் 20 சதவீதம்தான். சாதாரணமாக ஒரு நாளைக்கு நாம் உறிஞ்சுவது 1 அல்லது 2 மி.கி. அது போதும், ஏனென்றால் சிவப்பணு 120 நாள் வாழ்ந்து உடைந்ததும் அதன் இரும்பை உடம்பு வீணாக்காமல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வருவது கைச்செலவுக்கு மட்டும்.

உங்களிடம் எவ்வளவு குறைகிறது? ஊசி வழியாக இரும்பு ஏற்றுவதற்கு முன்னால் போடுகிற கணக்கு ஒன்று உண்டு. எடை, பெருக்கல் வேண்டிய ஹீமோகுளோபினுக்கும் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம், பெருக்கல் 2.4. அதோடு சேமிப்புக்கு 500 கூட்ட வேண்டும். உங்கள் 55 கிலோவுக்கு, 13-ஐ இலக்காக வைத்தால், 55 × 3.8 × 2.4 = 500 மி.கி. சொச்சம். சேமிப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 1000 மி.கி. இதுதான் கடன்.

இனி வரவு. குறைபாடு இருக்கும்போது குடல் வழக்கத்தைவிடக் கூடுதலாக இழுக்கும். தாராளமாக நாளைக்கு 3 மி.கி. என்று வைப்போம். செலவு? தோல், குடல் உதிர்வில் 1 மி.கி. சுற்றிப் போய்விடும், அது எல்லாருக்கும். மாதவிடாயில் 80 மில்லி ரத்தம் போனால் அதோடு 25 முதல் 35 மி.கி. வரை இரும்பு போகிறது, நாள் கணக்கில் பங்கிட்டால் இன்னொரு 1. மிச்சம் 1 மி.கி. அதை வைத்து 1000-ஐ அடைக்க ஆயிரம் நாள். 80 மில்லி என்பது "அதிக உதிரப்போக்கு" என்று டாக்டர்கள் கோடு போடுகிற இடம். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, இரட்டை நாப்கின், ராத்திரி எழுந்து மாற்றுவது, அதைப் பார்த்தால் நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டியே இருப்பீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் மிச்சமே இல்லை.

என் ஆத்திரம் இங்கேதான். இத்தனை பேர் கீரை சொன்னார்களே, ஒருவராவது மாதவிடாய் எத்தனை நாள், எத்தனை நாப்கின் என்று கேட்டாரா? கேட்டிருந்தால் அதை நீங்கள் இப்படிக் கடைசி வரியில் எழுதியிருக்க மாட்டீர்கள்.

ரிப்போர்ட்டுக்கு வருவோம். எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. 80-க்குக் கீழே என்றால் அணு சிறுத்திருக்கிறது. ஆர்.டி.டபிள்யூ. கூடியிருந்தால் அணுக்கள் பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் முதல் சந்தேகம் இரும்புக் குறைபாடு. பரம்பரையாக வருகிற தலசீமியா என்ற ரத்தக் குறையின் பண்பு இருந்தாலும் அணு சிறுக்கும், ஆனால் அதில் சிவப்பணு எண்ணிக்கை பெரும்பாலும் குறையாது. எம்.சி.வி.யை எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பார்கள், 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் யோசிக்க வேண்டும். உங்களுக்கு 71-ஐ 4.2-ஆல் வகுத்தால் 17 கிட்ட வருகிறது, இரும்புப் பக்கம்தான். இது வெறும் கைக்கணக்கு, இதை வைத்து முடிவு கட்டக் கூடாது. அடித்துச் சொல்ல, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். 15-க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி, 30 வரைக்குமே குறைபாடாக எடுத்துக்கொள்கிற டாக்டர்கள் நிறையப் பேர். ஜுரமோ உடம்பில் அழற்சியோ இருந்தால் இது பொய்யாக ஏறிக் காட்டும், அந்தச் சமயத்தில் பார்க்காதீர்கள். ஐஸ் மெல்லுவதற்குச் சிரிக்க மாட்டேன், அது இரும்புக் குறைபாட்டில் வருகிற ஒரு அறிகுறி. கால் ஆட்டுவதும் அப்படியே.

கறி மீன் இல்லை என்பதால் பி12-ம் பார்த்துவிடுங்கள். முட்டை, பாலில் கொஞ்சம் இருக்கிறது, எல்லாருக்கும் அது போதுவதில்லை. பி12 குறைந்தால் அணு பெருக்கும், இரும்பு குறைந்தால் சிறுக்கும், இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும்.

சாப்பாட்டை விடச் சொல்லவில்லை. கடன் அடைந்த பிறகு மறுபடி விழாமல் இருக்க அதுதான் வேண்டும். ஆனால் இரண்டு விஷயத்தை மாற்றுங்கள். சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீ பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காபியும் அப்படித்தான். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள், கண் செருகினால் செருகட்டும். அப்புறம், பயறு பருப்போடு அதே தட்டிலேயே வைட்டமின் சி இருக்க வேண்டும். எலுமிச்சை, கொய்யா, ஆரஞ்சு, குடைமிளகாய் எதுவானாலும் சரி. காலையில் ஆரஞ்சு, மதியம் பருப்பு என்றால் பிரயோஜனமில்லை. பயறை ஊற வைத்து முளைகட்டினால் இரும்பைத் தடுக்கும் ஃபைட்டேட் குறையும்.

மாத்திரையைப் பற்றி ஒன்று. அட்டையில் இரும்பு உப்பின் மொத்த எடை பெரிதாக இருக்கும், உள்ளே இருக்கிற சுத்த இரும்பு எவ்வளவு என்று பாருங்கள். ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மி.கி. என்றால் இரும்பு 65. ஃபெரஸ் குளுக்கோனேட் 300 என்றால் 35 சுற்றி. ஒரு மாத்திரை சாப்பிட்டால் ஹெப்சிடின் என்கிற ஹார்மோன் ஏறி ஏறக்குறைய ஒரு நாளைக்குக் குடலின் கதவைச் சாத்திவிடும், அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலும் உறிஞ்சப்படும் பங்கு கூடுகிறது என்று 2017-இல் ஆய்வு வந்தது. சிலருக்குக் குமட்டலும் குறைகிறது. உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.

இரவுப்பணி:

டாக்டர்தான், உதை வாங்கவே வந்திருக்கிறேன்.

நுண்ணோக்கி எழுதியதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். வெளிநோயாளி பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது மூன்று நான்கு நிமிஷம். "சோர்வா இருக்கு டாக்டர்" என்று ஆரம்பித்தால் சோர்வுக்கு நூறு காரணம், மனது எங்கெங்கோ போகும். முதல் வாக்கியத்திலேயே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஹீமோகுளோபின் 9.2, எம்.சி.வி. 71, மூன்று வருஷமாக ஏறி ஏறி இறங்குகிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. மாதவிடாய் இத்தனை நாள், இத்தனை நாப்கின். எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்." பேனாவை வைத்துவிட்டு உங்களை நிமிர்ந்து பார்ப்பார்.

ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சில மணி நேரம் தொடர்ந்து நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, ஏழு நாளுக்கு மேல் போகிறதா, இரண்டரை சென்டிமீட்டருக்குப் பெரிய ரத்தக்கட்டி வருகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் மகப்பேறு மருத்துவரிடம் ஸ்கேனுக்குப் போக வேண்டும். போக்கைக் குறைக்க டிரானெக்சமிக் ஆசிட் மாத்திரை, ஹார்மோன் வைத்த கருப்பைச் சாதனம் என்று வழிகள் உண்டு. மாத்திரை கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம், சில மருந்துகளில் ஒரே தடவையில் 1000 மி.கி. வரை.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மாடிப்படி:

இரவுப்பணி, பதிலுக்கு நன்றி, கோபம் உங்கள் மேல் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். எம்.சி.வி. 71 என்று நான் சொல்ல வேண்டுமா? ரிப்போர்ட் அவர் மேஜை மேல்தான் கிடந்தது. நாப்கின் கணக்கை நான் தானாகச் சொல்ல வேண்டும் என்றால், அது ஒரு நோய்க்கணக்கு என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான், அக்காவுக்கும் அப்படித்தான். எல்லாருக்குமே அப்படித்தான் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தோம். வீடு பற்றியும் அழுகை பற்றியும் கேட்க நேரம் இருந்ததே அவருக்கு.

சரி, நீங்கள் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். நுண்ணோக்கி அக்கா, அந்த ஆயிரம் நாள் கணக்கைப் படித்துவிட்டு ஜூஸ் மிக்ஸியைக் கழுவி மேலே ஏற்றிவிட்டேன்.

கரைமேல்:

ஆண்களுக்காக ஒரு வரி சேர்க்கிறேன், இந்தத் தலைப்பைத் தேடி அவர்களும் வருவார்கள். என் அப்பாவுக்கு 64 வயதில் 8-க்கு இறங்கியது. வயசு, சாப்பாடு சரியில்லை என்று டானிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மூட்டு வலிக்குத் தினமும் வலி மாத்திரை போடுகிறார் என்பதை யாரும் விசாரிக்கவில்லை. கடைசியில் எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் வயிற்றில் புண், கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. மலம் கறுத்துப் போனது என்று அவர் சொன்னபோதும், அது இரும்பு டானிக்கால்தான் என்றார்கள். இரும்பு சாப்பிட்டால் கறுக்கும்தான், அதனால்தான் அது ரத்தமா என்பது தெரியாமல் போயிற்று. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் வயிறு, குடல் இரண்டையும் பார்க்காமல் விடக் கூடாது.

இரவுப்பணி:

கரைமேல் சொல்வது சரி. இன்னும் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சல் மாத்திரையை மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கு வயிற்று அமிலம் குறைந்து இரும்பு சரியாக ஏறாமல் போகலாம். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயில் வேறு எந்தத் தொந்தரவும் இல்லாமல் ரத்தசோகை மட்டுமே தெரிவதும் உண்டு.

மாடிப்படி:

போய்விட்டு வந்தேன், முடிவைச் சொல்லாமல் விட்டால் படிக்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

வேறு ஒரு பெண் டாக்டர். எழுதி வைத்ததைப் படித்தேன். உண்மையிலேயே நிமிர்ந்து பார்த்தார். ஃபெரிட்டின் 6. பி12-ம் குறைவு, 160. ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருப்பது தெரிந்தது, பெரியது இல்லை, ஆனால் உட்புறச் சுவரைத் தள்ளிக்கொண்டு இருக்கிற இடம்தான் போக்குக்குக் காரணமாக இருக்கலாம் என்றார். அந்த நாட்களுக்கு மட்டும் டிரானெக்சமிக் ஆசிட். பி12-க்கு ஊசி. இரும்பு ஒரு நாள் விட்டு ஒரு நாள், ராத்திரிப் பாலுக்கு வெகு முன்னாலேயே. குமட்டல் இருக்கிறது, ஆனால் தாங்குகிற அளவில்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்ததில் 10.6. எண் ஏறுவதற்கு முன்னாலேயே ஐஸ் ஆசை போய்விட்டது. ஒரு நாள் ஃப்ரீசரைத் திறந்தபோதுதான் தட்டு நிறைய அப்படியே இருப்பதைப் பார்த்தேன். மாடி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது, காதுக்குள் சத்தம் மட்டும் இல்லை.

கிளம்பும்போது அந்த டாக்டரும் "கீரை சேத்துக்கங்க" என்றார். சிரித்துவிட்டேன்.

பசுமைக்காலை:

மகிழ்ச்சி சகோதரி. அப்போ ஜூஸ் முழுசா நிறுத்திட்டீங்களா?

மாடிப்படி:

பீட்ரூட்டை நிறுத்தியாச்சு, எனக்கு அதன் வாடையே பிடிக்காது, மருந்தென்று குடித்தேன். இப்போது மதியம் முளைகட்டிய பயறு, எலுமிச்சை பிழிந்து. டீ நாலு மணிக்கு. எலுமிச்சை சில நாள் நெஞ்சைக் கரிக்கிறது, அன்றைக்குக் கொய்யா.

நுண்ணோக்கி:

கொய்யா தாராளமாக, அதில் ஆரஞ்சைவிட வைட்டமின் சி பல மடங்கு. 12-ஐத் தொட்டதும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், போன தடவை 10.4-இலிருந்து சறுக்கியது அப்படித்தான். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் போல ஆகும். நிறுத்துவதற்கு முன்னால் ஃபெரிட்டின் இன்னொரு தடவை கேட்டு வாங்குங்கள், தானாக எழுதித் தர மாட்டார்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த அட்டை அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும், பெரியவர்களின் இரும்பு மாத்திரை சின்னப் பிள்ளைகளுக்கு விஷம்.